இடது தோளுக்குச் செய்த துப்பாக்கி

இன்று காலை என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வாசனை வந்ததும் எழுத்து ஓடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். "என்ன ஆச்சு, தலை சுத்தறதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட.

நீ அந்த எண்ணெயைத்தான் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவருவாய். பழைய வேட்டித் துணி ஒரு முழம், தேய்ந்த பல் பிரஷ் ஒன்று, சட்டைப்பையில் கடைசல் பட்டறைப் பென்சில். சனிக்கிழமை மத்தியானம் ஆபீசில் ஆள் குறைந்ததும் பின்பக்க வழியாக வந்து, "இன்னா சாமி, கதவ தொறக்கலாமா?" என்பாய். எந்த ஊர் தாலுகா ஆபீஸ் என்று உனக்குத் தெரியும், அதை நான் எழுத வேண்டியதில்லை. திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். ஆயுத லைசென்ஸ் பிரிவில் நான்தான் கடைசி குமாஸ்தா.

நாம் இரண்டு பேரும் திருவள்ளூரில் ஒரே பெஞ்சில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்கள். நீ மிஷன் ஹாஸ்டலில் இருந்தாய். என் அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம். நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா ஜன்னல் வழியாகக் காப்பி கொடுப்பாள், அதற்கென்று ஒரு தம்ளர் தனியாக இருந்தது. நீ குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "என்னம்மா இது" என்று அம்மாவிடம் கேட்க எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. என் கதை முழுவதும் அதுதான். வாய் வர வேண்டிய இடத்தில் வராது.

ஆபீசின் இருப்பறையில் முப்பதுக்கும் மேல் துப்பாக்கிகள் கிடந்தன. லைசென்ஸ்காரர்கள் செத்துப்போய் வாரிசு வராதவை, கோர்ட்டில் இருந்து வந்தவை, வரி கட்ட முடியாமல் பண்ணைக்காரர்கள் ஒப்படைத்தவை. எல்லாம் வெள்ளைக்காரர்கள் வாத்துக்கும் கொக்குக்கும் வேட்டையாடக் கொண்டுவந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள். வருடாந்தரத் தணிக்கைக்கு முன்னால் அவற்றைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பியூன்கள் தொடப் பயந்தார்கள். அப்போது நீ திருவள்ளூரில் ஒரு கடைசல் பட்டறையில் இருந்தாய். "இரும்புதானே, நான் தொடச்சித் தரேன்" என்றாய். தலைமை குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் வாய்ச்சொல்லாகச் சரி என்றார். காகிதத்தில் ஒன்றும் கிடையாது. வெளி ஆள் ஒருவனை அரசாங்கக் காவலில் உள்ள துப்பாக்கிகளிடம் விட்டது சட்டப்படி தப்பு. அந்தத் தப்பை உனக்காகச் செய்தேன் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பின்னால் அதையே பயமாக மாற்றிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறது. லைசென்ஸ் பதிவேட்டைப் புரட்டினாய். யாருடைய துப்பாக்கி, என்ன ரகம், செய்தவர் யார், என்ன நம்பர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். செய்தவர் என்ற கட்டத்தில் பாதிப் பேருக்கு, "நாட் ஃபார் பால்" என்று எழுதியிருந்தது.

"யாரு சாமி இந்த நாட் ஃபார் பால்? பெரிய கம்பெனிக்காரனா?" என்று கேட்டாய்.

"இருக்கும்" என்றேன்.

ஒரு துப்பாக்கியை மடக்கி, முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாய். இரும்பில் பொடி எழுத்தில் அதே வார்த்தைகள். "இதுல பெரிய குண்டு போட்டு சுடாத, பொடி ரவைதான் போடணும்னு வார்னிங். அத்தப் போயி பேருன்னு எய்திகினு கீறாங்க உங்காளுங்க." சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். மூர் மார்க்கெட்டில் அட்டை போன ஒரு பழைய துப்பாக்கிப் புத்தகம் வாங்கி, இங்கிலீஷ் அகராதியோடு உட்கார்ந்து படித்திருந்தாய். எதற்காக அத்தனை பாடு என்று நான் கேட்கவில்லை. உனக்கு இரும்பில் ஆசை என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமைதான் நீ அந்தத் துப்பாக்கியைக் கேட்டாய். பதிவேட்டைப் பார்க்காமல், அலமாரியைப் பார்க்காமல், "கவரப்பேட்ட கேஸ்ல வந்தது ஒன்னு இருக்கணுமே" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். துடைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு சொன்னாய், "இதுக்காவத்தான் எங்க நைனா ரெண்டு வருசம் உள்ள இருந்தாரு."

அதுவரை எனக்குத் தெரியாது. ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் நான்.

உன் அப்பா கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் கூலியாள். வாத்துக் காலத்தில் மட்டும் உப்பு இலாகா துரை ஒருவருக்குத் துணையாகப் பழவேற்காடு ஏரிக்குப் போவார். துப்பாக்கி தூக்குவது, ஓடம் தள்ளுவது, விழுந்த பறவையை இடுப்பளவு தண்ணீரில் போய் எடுத்து வருவது. துரை நாட்டை விட்டுப் போகும்போது அந்தத் துப்பாக்கியையும் கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசியையும் கொடுத்து, தாலுகாவில் போய் எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். உன் அப்பா தாலுகாவுக்குப் போவதற்குள் பண்ணைக்காரர் முந்திக்கொண்டார். தன் துப்பாக்கி ஒன்று காணோம், கூலிக்காரன் குடிசையில் இருக்கிறது என்று புகார். கடுதாசியைப் பிடுங்கிக் கிழித்தார்கள். விசாரணையில் உன் அப்பாவின் வலது கை விரல்களை உடைத்தார்கள். பண்ணைக்காரரின் லைசென்சிலும் வாங்கிய இடம் என்று மவுண்ட் ரோடு கடை ஒன்றின் பெயர் இருந்தது, பிடிபட்ட துப்பாக்கியின் மேலும் அதே கடைப் பெயர் செதுக்கியிருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? தண்டனை கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. நம்பர் மட்டும் ஒத்துப்போகவில்லை, எழுத்துப்பிழையாக இருக்கும் என்று தண்டனைக்கு அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதே காரணத்தால் துப்பாக்கியைப் பண்ணைக்காரரிடம் கொடுக்காமல் தாலுகாவில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். நம்பர் ஒத்துப்போகாததால் அது அவருடையது என்று கொடுக்க முடியாது, ஆனால் அவரிடமிருந்து திருடியதாகத் தண்டிக்க மட்டும் முடியும். கட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கே வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் உண்மைதான். அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

"கடைப் பேரும் செஞ்சவன் பேரும் ஒன்னா?" என்று நீ கேட்டாய். "மூட்ட மேல அரிசி மண்டி பேரு போட்டுக்கீது. அதுக்காவ மண்டிக்காரனா நாத்து நட்டான்? சீமைல எவனோ செஞ்சி அனுப்பிக்கீறான், கடைக்காரன் தன் பேர செதுக்கி வித்துக்கீறான். செஞ்சவன புடிச்சா, யாருக்குச் செஞ்சான்னு அவன் நோட்டுல இருக்கும்."

அன்றிலிருந்து தொடங்கியது. குழலின் அடியில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து முத்திரைகளைப் பிரதி எடுத்தாய். கிரீடம், அதன் கீழே எழுத்துகள், ஓரத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் இரண்டெழுத்து. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து அது பர்மிங்ஹாம் ஊரின் முத்திரை என்று கண்டுபிடித்தாய். அந்த ஊரில் புதுக் குழல் ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்களாம், வெடிக்காமல் தாங்கினால்தான் கிரீட முத்திரையாம். அதை எனக்கு விளக்கிவிட்டுச் சட்டென்று சொன்னாய். "எங்க நைனாவயும் அப்டித்தான் அடிச்சிப் பாத்தாங்க. தாங்கினாரு. முத்திரதான் மாத்திக் குத்திட்டாங்க."

அந்தத் துப்பாக்கியில் "நாட் ஃபார் பால்" என்ற எழுத்து எங்குமே இல்லை என்பதை நீதான் கவனித்தாய். பதிவேட்டை எடுக்கச் சொன்னாய். பண்ணைக்காரரின் பெயருக்கு நேரே, செய்தவர் என்ற கட்டத்தில், யாரோ ஒரு பழைய குமாஸ்தாவின் கோணல் கையெழுத்தில் அந்த மூன்று வார்த்தைகள் இருந்தன. நீ மேஜையில் ஓங்கித் தட்டினாய். பண்ணைக்காரரின் துப்பாக்கியைப் பார்த்து எழுதியவன் அதிலிருந்த எழுத்தைத்தான் எழுதியிருக்கிறான். அப்படியென்றால் அவருடையது வேறு துப்பாக்கி, அந்த எச்சரிக்கை குத்தப்பட்ட பழையது. இதில் இல்லை. ஒரு முட்டாள் குமாஸ்தாவின் தப்பு உன் அப்பாவுக்காக இருபது வருடம் அந்தக் கட்டத்துக்குள் காத்திருந்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தாய். துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தாய், ஒத்துவரவில்லை. கண் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். இடது தோளுக்கு மாற்றினாய். சரியாக நின்றது. கட்டை லேசாக இடப்பக்கம் வளைத்துச் செய்யப்பட்டிருந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போய் வந்து மூச்சிரைக்கச் சொன்னாய். "நைனாவ கேட்டேன். தொர பீச்சாங்கைலதான் சுடுவாராம். ஓடத்துல தொரைக்கு எந்தப் பக்கம் குந்தணும்னு அதனால கத்துக்கினாராம்."

சீமைக்கு நாம் எழுதிய கடிதங்கள்! நீ தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் திருத்தித் திருத்தி ஆபீஸ் டைப்ரைட்டரில் அடிப்பேன். முத்திரை குத்துமிடத்துக்கு முதல் கடிதம். பதில் மரியாதையாக வந்தது. "நாட் ஃபார் பால்" என்று குத்தியது போன நூற்றாண்டில் கொஞ்ச காலம்தான், நீங்கள் பிரதி எடுத்து அனுப்பிய முத்திரைகள் அதற்குப் பிந்தியவை, அந்த இரண்டெழுத்துக்காரன் இன்ன பட்டறைக்கு வேலை செய்தவன், அந்தப் பட்டறையை இன்ன கம்பெனி வாங்கிவிட்டது என்று இருந்தது. அந்தக் கம்பெனிக்கு எழுதினோம். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. மறுபடி எழுதினோம். உன் கடைசல் பட்டறை ஆட்களோடு உனக்குச் சண்டை வந்தது அந்த நாட்களில்தான். "வெள்ளக்காரனுக்கு லெட்டர் போடற பெரிய மனுசன்" என்று கேலி செய்தார்களாம்.

கடைசியில் நீல உறை வந்தது. என் பெயருக்கு, ஆபீஸ் விலாசத்துக்கு. அந்த நம்பர் துப்பாக்கி இடது தோளில் சுடுபவருக்காகக் கட்டை வளைத்துச் செய்யப்பட்டது, மதராஸ் கடை மூலமாக உப்பு இலாகா அதிகாரி இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று அவர்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். துரையின் பெயர் முழுசாக இருந்தது. நீ வாசித்தாய். இன்னொரு தடவை வாசித்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். எண்ணெய்க் கை. நான் உதறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு என்னைக் கூட்டிப்போனாய். நீ இருந்தவரை நான் உன் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு தடவைதான், பிறகு நீ போன பின்பு இன்னொரு தடவை. உன் அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இருமல். நான் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, மடங்காத விரல்களை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அதுல எம் பேரு கீதா, சாமி?"

"உங்க பேர் இல்லை. துரை பேர் இருக்கு."

"தொர பேரு கீதா." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அது போதும். இத்த ஊர்ல நின்னு யாராச்சும் படிக்கணும். சர்க்காரு ஆளு படிக்கணும். நீ சர்க்காரு ஆளுதானே?"

"படிக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள்" என்றேன்.

அந்தக் கொஞ்ச நாளைத்தான் உனக்கு விளக்க வேண்டும் என்று இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். மனு போட வேண்டும், அதோடு பதிவேட்டின் நகல் வேண்டும், அந்த நகலை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் தள்ளிப்போட்டேன். எனக்குப் பதவி உயர்வு பட்டியல் வரவிருந்தது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பண்ணைக்காரர் இப்போது பஞ்சாயத்து யூனியனில் பெரிய ஆள், என் அப்பா கைங்கரியம் செய்த கோயிலில் வருடத்துக்கு ஒரு நாள் உற்சவம் அவருடைய உபயம். அன்று என் அப்பா அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்வார். இதையெல்லாம் உன்னிடம் சொன்னேனா? இல்லை. "ஆபீசர் லீவு", "சீல் இல்லை", "அடுத்த மாசம்" என்றே சொன்னேன். நீயும் நம்பினாய். அல்லது நம்புவதுபோல் இருந்தாய்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. கடிதம் வந்த செய்தி எப்படியோ பண்ணைக்குப் போய்விட்டது. பண்ணைக்காரர் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து அதிகாரி அறையில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். மறுவாரம் தலைமை குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆயுதப் பதிவேடு செல்லரிச்சுப் போச்சு. புதுசா எழுதிடுங்க. செய்தவர் கட்டத்துல கண்டதும் கெடக்குது, தணிக்கைக்காரன் சிரிக்கிறான். கடைப் பேரு தெரிஞ்ச எடத்துல கடைப் பேரப் போட்டுடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். யாரும் என்னை மிரட்டவில்லை. உன் பெயரையோ உன் அப்பாவின் பெயரையோ யாரும் எடுக்கவில்லை. நீ துப்பாக்கி துடைத்த விஷயத்தை யாரும் என் தலைமேல் தூக்கிக் காட்டவில்லை. மிரட்டியிருந்தால்கூட எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். நான் புது நோட்டை எடுத்து, கோடு போட்டு, என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். பண்ணைக்காரரின் பெயர் வந்தது. செய்தவர் என்ற கட்டம் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மவுண்ட் ரோடு கடையின் பெயரை எழுதினேன். பழைய பதிவேட்டை விதிப்படி எரித்தார்கள். எரித்ததற்குச் சாட்சிக் கையெழுத்தும் நான்தான்.

இதை உன்னிடம் சொல்லவில்லை. நீ பொறுமை இழந்து நீயே மனு போட்டாய். விசாரணைக்கு அதிகாரி வந்தார். நீ சீமைக் கடிதத்தைக் கொடுத்தாய். அவர் புரட்டிப் பார்த்து, "வெளிநாட்டுத் தனியார் கடிதம், இதை எப்படி ஆதாரமா எடுக்கறது? துரை இவங்கப்பாவுக்குத்தான் குடுத்தார்னு இதுல எங்க இருக்கு?" என்றார்.

நீ தைரியமாகச் சொன்னாய். "பதிவேட்டப் பாருங்க சார். பண்ண துப்பாக்கி வேற. நாட் ஃபார் பால்னு எய்திக்கீது. இந்தத் துப்பாக்கில அது இல்ல."

புதுப் பதிவேடு வந்தது. அதிகாரி விரலை ஓட்டினார். "அப்படி ஒண்ணும் இல்லையே."

நீ என்னைப் பார்த்தாய். நான் மேஜை ஓரத்தில் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தேன். "பழைய ரிஜிஸ்தர்ல இருந்துது சார். இவரும் பாத்தாரு. கேளுங்க" என்றாய். 'சாமி' என்று சொல்லாமல் 'இவரு' என்றாய், எனக்குக் கெடுதல் வரக்கூடாதென்று.

அதிகாரி என்னிடம் கேட்டார். பண்ணைக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான், "ஞாபகம் இல்லை சார்" என்றேன்.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாய், குழலின் அடியில் முத்திரை தேடுவதுபோல. பிறகு சீமைக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாய். மனு தள்ளுபடி. அந்த மாதத்திலேயே உன் அப்பா போய்விட்டார். கடைசி வரை, "சர்க்காரு ஆளு வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னால் யாரோ சொன்னார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. தங்கைக்குக் கல்யாணம் ஆனது. பண்ணைக்காரர் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்தார்.

சில வருடம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. பண்ணைக்காரரின் நிலமும் அதில் போயிற்று, அவர் நல்ல விலை வாங்கிக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார். அவர் வயலில் நடவு நட்டவர்கள் எல்லாம் மில் வாசலில் வரிசையில் நின்றார்கள். நீ பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு ஆலையில் உலையடியில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று ரயிலில் ஒருவர் சொன்னார். சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரும் கேட்டு வராத பழைய ஆயுதங்களை வெட்டி உருக்கிவிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். ரகம், செய்தவர், நம்பர். உன் அப்பாவின் துப்பாக்கி பதினேழாவதாக வந்தது. செய்தவர் என்ற கட்டத்தில், நானே எழுதிய புதுப் பதிவேட்டைப் பார்த்து, கடைப் பெயரை அடித்தேன். உண்மையில் யார் செய்தார்கள் என்று இந்த ஊரில் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன்.

எந்த ஆலைக்குப் போகிறது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் நீ நின்றுகொண்டிருந்தாய். தலை நரைத்திருந்தது. உலைச்சூட்டில் முகம் கறுத்துத் தடித்திருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ நேராக வந்து நின்றாய்.

"இன்னிக்கு சாக்குல வந்துது. கட்டையெல்லாம் கயட்டிட்டு, கொயல மூணு துண்டா அறுத்துப் போட்டுக்கீறாங்க. நான் ஒவ்வொன்னா திருப்பிப் பாத்தேன். கிரீடம் இருந்துது. அந்த ரெண்டு எயுத்து இருந்துது."

நான் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"போலீசு நின்னுக்கினு இருந்தாங்க. ஒரு துண்டு எடுத்து வெச்சிக்கவும் முடியல. நானேதான் உள்ள போட்டேன். உருகிட்டப்புறம் எது சீம இரும்பு, எது ஜன்னக் கம்பின்னு ஒன்னும் தெரில. எல்லாம் ஒரே தண்ணி."

"எனக்குத் தெரியாதுடா, அங்கதான் வரும்னு…" என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒரு வாட்டி வந்து சொல்லியிருக்கலாம். புது ரிஜிஸ்தர் எய்திட்டேன்னு. கோர்ட்டு வேணாம், மனு வேணாம், ஊட்டாண்ட வந்து சொல்லியிருந்தா, நான் அந்த ஆபீசர் முன்னாடி போயி நின்னிருக்க மாட்டேன். உன்னயும் நிக்க வெச்சிருக்க மாட்டேன்." உன் குரல் உயரவே இல்லை. "திட்டணும்னுதான் ரயில் ஏறினேன். இப்ப வரல."

சென்னை வண்டி வந்தது. ஏறிக்கொண்டாய். அதுதான் கடைசி.

போன மாதம் ரயிலில் உன் ஆலைக்காரர் ஒருவர்தான் சொன்னார், நெஞ்சு வலித்து உலையடியிலேயே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று. அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. லீவு போட்டுவிட்டுப் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் வந்தேன். ஊர் மாறிப்போயிருந்தது. குடிசைகள் இருந்த இடத்தில் ஓட்டு வீடுகள், ஆலைப் புகை, சைக்கிள்கள். உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். குழாயடியில் நின்ற பெண்களுக்குத் தெரியவில்லை. "ஸ்டீல் கம்பெனியில வேலை, இப்பதான் தவறிப்போனார்" என்றேன். ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. "ஓ, துப்பாக்கித் திருடன் ஊடா? அப்டி கேளு. நேரா போயி சர்ச்சாண்ட திரும்பு."

உன் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததை நீ எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

சர்ச்சுக்குப் பக்கத்தில் இரண்டு தெரு பிரிந்தது. எது என்று தெரியாமல் நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி உன் பெயரைச் சொன்னேன். அவர் விழித்தார். உன் அப்பா பெயரைச் சொன்னேன். அதற்கும் விழித்தார். வேறு வழி இல்லாமல், கேட்டே விட்டேன், "துப்பாக்கித் திருடன் வீடு எது?" உடனே கையைக் காட்டினார்.

உன் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொன்னதும் முறம் நின்றது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் நின்றபடியே பேசினேன். இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, நான் ஓய்வு பெறப் போகிறேன், இனி எனக்குப் பயமில்லை, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு மனு அனுப்புகிறேன், பழைய பதிவேட்டில் என்ன இருந்தது என்று நானே சொல்கிறேன் என்றெல்லாம் அடுக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"துப்பாக்கி எங்க கீது இப்போ?" என்று கேட்டாள்.

நான் வாசலில் சிந்தியிருந்த அரிசியைப் பார்த்தேன்.

"மாமனாரு எங்க? இவரு எங்க?" முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ஆபீசர் கேட்டப்ப இன்னா சொன்ன? ஞாபகம் இல்லன்னு சொன்ன இல்ல? அப்டியே இருந்துடு சாமி. எங்களுக்காவ இப்ப ஒன்னும் ஞாபகம் வெச்சிக்க வேணாம்."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. முகத்துக்கு நேரே சாத்தும் அளவுக்குக்கூட நான் ஒரு பொருட்டில்லை என்று நினைத்திருக்கலாம்.

அவள் சொன்னபடி இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அந்த நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கிரீடத்துக்குக் கீழே என்ன எழுத்து, இடது ஓரத்தில் எந்த இரண்டெழுத்து, கட்டை எத்தனை விரற்கடை வளைந்திருந்தது, கோணல் கையெழுத்தில் அந்த மூன்று வார்த்தைகள் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரியில் இருந்தன, எல்லாம் தெரியும். கேட்கத்தான் யாரும் இல்லை.